வான்கோழிக்குக் காட்டிய பொய்க்கோடை

காவலூர் ராஜாக்கண்ணுவிடம் ஒரு நாழிகை பேசியவர்களுக்கு வான்கோழியைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது, விருப்பமும் இருக்காது. சாமை விளைச்சலைக் கேட்டாலும், பேருந்து வரும் நேரத்தைக் கேட்டாலும், மனிதர் வான்கோழியில்தான் வந்து நிற்பார்.

அவருடைய நான்கு பெட்டைகளும் ஒற்றைச் சேவலும், பகல் நீளத் தொடங்கும் மாசிக்குப் பிறகே குடும்பத்தைப் பெருக்க நினைக்கும். இந்த மெத்தனம் அவருக்குப் பொறுக்கவில்லை. ஐப்பசியில் பேத்தியின் காதுகுத்துக்காக அமிர்திக்குச் சென்றவர், பந்தியே கேட்கும்படி, பொங்கலுக்குள் குஞ்சு பொரித்துக் காட்டுவதாக அறிவித்தார்.

மகளின் மாமனார் குணசீலன் இலையிலிருந்து தலை தூக்கினார். "பொரிக்கலன்னா இன்னா பண்ணுவீங்க சம்பந்தி?"

"பொரிக்கலன்னா, இந்த ஜென்மத்துல உங்ககிட்ட வான்கோழிப் பேச்சே எடுக்க மாட்டேங்க."

முட்டை கூமுட்டையாகிப் போகவேண்டும் என்று பந்தியில் பலரும் அப்போதே வேண்டிக்கொண்டதாகக் கேள்வி.

மாலையில் விளக்கேற்றிப் பகலை நீட்டினால் பெட்டைகள் பருவத்துக்கு முன்பே முட்டையிடும் என்று கைப்பேசிக் காணொளி ஒன்று அவருக்குக் கற்பித்திருந்தது. அதன் பிற்பாதி சேவலைப் பற்றியது. அதற்குள் ராஜாக்கண்ணு பல்பு வாங்க எழுந்துவிட்டார்.

பெட்டைகளின் கொட்டகையில் விளக்கு எரிந்தது. பக்கத்து வானாய்வகத்தில் விண்மீன் ஆராய்பவர்களுக்கு இடைஞ்சல் கூடாதென்று, சுற்றிலும் தார்ப்பாய் கட்டி வெளிச்சத்தை உள்ளேயே அடக்கினார். சேவல் விளக்கில் விழித்திருந்தால் அதன் கம்பீரம் குன்றிவிடுமாம்! ஆகவே பகலில் பெட்டைகளோடு மேய்ந்த அந்தச் சீமான், பொழுது சாய்ந்ததும் புளியமரத்தடிக் கூண்டில் இருட்டில் துயில்கொண்டார்.

கார்த்திகை முடிவதற்குள் பெட்டைகள் முட்டையிட்டன. ராஜாக்கண்ணு ஊரையே கூட்டிக் காட்டிவிட்டு, அவற்றை நாட்டுக்கோழிக்கு அடைவைத்தார். சில நாள் கழித்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஒன்றிலும் கருவின் நரம்போடவில்லை.

"சேவல் இருந்தும் ஏன் இப்படி?" என்று முனகினார்.

மனைவி ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "பொட்டைங்களுக்கு மட்டும் சித்திரையக் காட்டிட்ட. சேவலுக்கு இன்னும் மார்கழிதான்யா! அது எங்க தோகைய விரிச்சுது? அதும்பாட்டுக்கு மேயுது, தூங்குது."

"சேவலப் பத்தி உனுக்கு இன்னாடி தெரியும்?"

"சேவலப் பத்தித் தெரியாது. பாதி கேட்டுட்டு எழுந்து ஓடற ஆளப் பத்தி நல்லாத் தெரியும்."

பொங்கலுக்குக் குஞ்சு பார்க்க வந்த குணசீலனுக்கு, அன்று காலை இட்ட முட்டையில் ஆம்லெட் கிடைத்தது. அவர் ரசித்துச் சாப்பிட்டுக் கையைக் கழுவினார். "ருசி பிரமாதம் சம்பந்தி. அப்ப, அந்தப் பேச்சு இன்னியோட முடிஞ்சுது, இல்லீங்களா?"

ராஜாக்கண்ணு தலையாட்டினார்.

பங்குனியில், எந்தக் காணொளியும் பார்க்காத சேவல் தானாகவே தோகையை விரித்தது. சித்திரைக் கடைசியில் வாசலெங்கும் குஞ்சுகள். ஒரே ஈட்டில் இத்தனை குஞ்சுகளை அந்த மலையூரில் அதுவரை யாரும் கண்டதில்லை. அவை ராஜாக்கண்ணுவின் பாதத்தின்மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் குணசீலன் கைப்பேசியில் அழைத்தார்.

"இன்னா சம்பந்தி, வூட்ல இன்னா விசேசம்?"

வான்கோழிப் பேச்சு ராஜாக்கண்ணுவின் தொண்டைவரை வந்தது. விழுங்கினார். "ஒண்ணுமில்லீங்க. வெயிலுதான்."

"இன்னாவோ கீச்சுகீச்சுன்னு கேக்குதே?"

ராணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டிவிங்க," என்றார் ராஜாக்கண்ணு.