முதலில் தண்ணீர்

கும்மிடிப்பூண்டியில் கெமிக்கல் ஆலை கட்டவிருந்த இடத்துத் தகரக் கொட்டகையில், எனக்கு எதிர் மேசை அவருடையது. மை படிந்த விரல்கள், ஒரு பக்கம் விரிசல் விட்ட கண்ணாடி. வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் கணித்து அனுப்பிய திரவ அடர்த்திகளை, கன அடிக்கு இத்தனை பவுண்டு என்பதிலிருந்து லிட்டருக்கு இத்தனை கிலோ என்று மாற்றுவது அவர் வேலை. ஒவ்வொரு தாளிலும் முதலில் தண்ணீரை மாற்றிப் பார்ப்பார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; விடை ஒன்று என்று வந்தால்தான் மற்றதைத் தொடுவார்.

ஆலையைக் கைவிட்டதாகத் தந்தி வந்த பிறகும் கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"எல்லாம் போச்சு. இன்னும் இன்னாத்துக்கு சார்?" என்றேன்.

"ஊட்டுக்குப் போனா 'இனிமே இன்னா'ன்னு கேட்டுக்கினே இருப்பாங்க. இங்க தண்ணிக்கு ஒண்ணுன்னாவது வருதே."

கொட்டகையைப் பிரிக்க ஆட்கள் வந்து, எங்கள் தலைக்கு மேலிருந்த தகரத்தைக் கழற்றினார்கள். அவர் நாற்காலியை நிழல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த தாளில் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தார்.