சம்மட்டிக்குக் குறுக்கே நின்றவர்

தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பட்டறையைப் பாலர் பள்ளியாக்க நினைத்தோம். கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளில் பல விரிசல் விட்டிருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் அந்த இன்ஜினியர் அம்மா வந்தார். ஒல்லியான உருவம், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, முகத்தில் இறுக்கிக் கட்டிய முகமூடி. எந்த ஷீட்டையும் தொடுமுன் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்.

கொத்தனார் ஷீட்டை உடைக்கச் சம்மட்டியைத் தூக்கியதும் அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“இன்னா மேடம், ஊரே இந்த ஷீட்டுக்கு அடியிலதான் கீது. நீங்க இன்னாத்துக்கு பயப்படுறீங்க?” என்றார் கொத்தனார்.

“உடையாம இருந்தா பெரிசா ஒண்ணும் பண்ணாதுண்ணா. உடைச்சா பறக்கிற தூசிதான் நுரையீரல்ல போய் உட்கார்ந்துக்கும். எத்தனையோ வருஷம் கழிச்சு நோயாக் காட்டும்.”

“அதுக்குள்ள நான் கெழவனாயிடுவேன்.”

“கிழவனாகணும்ணா. அதுக்குத்தான் சொல்றேன்.”

கொத்தனார் சிரித்துவிட்டுச் சம்மட்டியைக் கீழே வைத்தார். எல்லாரும் முகமூடி கட்டிக்கொண்டு, ஷீட்டுகளை நனைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, உடையாமல் இறக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று இன்ஜினியர் அம்மாவும் வந்தார். பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் கிழவனாகும்வரை வாழவேண்டும் என்று அவ்வளவு உரிமையோடு சண்டை போட்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.