அரிசி டிரம்முக்குள் வைத்த ஃபோன்

போன வருடம் ஜனவரி மாதம் அது. பாலக்காட்டில் எங்கள் துணிக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு, அதுவரை நான் பார்த்தே இராத ஒரு மலையில் வாழும் ஒரு பெண்ணின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தேன். கேட்பதற்கு மிகையாகத் தோன்றும். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெண், அவர் கணவர் இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மொபைலை விட்டு இருக்க முடியாமல் தவிப்பவர்களிடம் வீடியோ காலில் பேசி, மாற வேண்டும் என்ற எண்ணத்தை அவர்களுக்குள்ளேயே எழுப்பிவிடுவது என் வேலை. எங்கள் ஆலோசனைக் குழுவில் தமிழில் பேச வருகிறவர்களை எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கீழே கடையில் இருக்கும் அவருக்கு இது பெரிய வேடிக்கை. "ஃபோன விடுங்கன்னு ஃபோன்லயே பாடம் எடுக்கறே. பட்டினி கெடக்கச் சொல்லி பிரியாணிக் கடைல கூட்டம் போடற மாதிரில்ல இருக்கு" என்பார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மாடிக்கு ஓடுவேன்.

அந்த மாதத்தில்தான் இடுக்கி மலையில் இருக்கும் காந்தலூரிலிருந்து ஒரு விவசாயி வீடியோ காலில் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். பூண்டும் பீன்ஸும் போடுகிறவர். பாத்திக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்ததில், பூண்டு முழுக்க மூழ்கி அழுகிப் போயிருந்தது. அதற்கப்புறமும் அவரால் நிறுத்த முடியவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், இல்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு உடுமலையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டார். எங்கள் நம்பரை ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அந்த மனைவிதான்.

வீட்டுக்குள் வீடியோ காலுக்கு ரேஞ்ச் போதாது என்று, தோட்டத்தில் ஒரு பிளம்ஸ் மரத்தடிக்கு வந்து பேசுவார். மதியம் இரண்டு மணிக்கே அங்கே பனி இறங்க ஆரம்பித்துவிடும். பேசிக்கொண்டே இருப்பார், மெதுவாக மரம் மறையும், பிறகு தோள் மறையும், கடைசியில் குரல் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்துகொண்டிருக்கும். இங்கே எங்கள் ஊரில் கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருக்கும். அந்த அரை மணி நேரம் நான் பாலக்காட்டிலும் இல்லை, காந்தலூரிலும் இல்லை. கால் தரையில் படாத ஏதோ ஓர் இடத்தில் இருவரும் பேசிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். வீடியோ கால் முடிந்த பிறகும் என் கைகள் சில்லென்று இருப்பதாக நினைத்துக்கொண்டு தேய்த்துக்கொள்வேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வேலையில் நாங்கள் யாரையும் திட்டுவதில்லை, புத்திமதி சொல்வதும் கிடையாது. மாறுவதற்குப் பத்துக்கு எவ்வளவு தயாராக இருக்கிறீர்கள் என்று கேட்போம். அவர் மூன்று என்றார். எதிரில் இருப்பவர் ஏன் பத்து இல்லை என்று நாங்கள் கேட்கப்போவதாக நினைப்பார். நாங்கள், ஏன் ஒன்று என்று சொல்லவில்லை என்று கேட்போம். அவரிடமும் கேட்டேன். பனி ஒருமுறை அவரை மூடிவிட்டு விலகியது.

"எம் மக சிரிக்கிறது இப்பல்லாம் என் காதுல விழுறதில்ல டீச்சர். அவ சிரிச்சு முடிச்சப்புறம்தான் நிமிந்து பாக்குறேன்" என்றார்.

இந்த மனிதரை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

திட்டம் போடுவதற்கு முன்னால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த ஃபோனால் உங்களுக்கு என்ன நல்லது நடக்கிறது என்பதுதான் அது. கெடுதலைப் பற்றி ஊரே பேசும், நல்லதை நாமாவது கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதைத் தாண்டிப் போனேன். அவரே மனம் இளகி வந்திருக்கிறார், இனி எதற்கு அது என்ற அவசரம். அடுத்த முறை பேசும்போது, காலையில் எழுந்ததிலிருந்து ஒன்பது மணி வரை ஃபோனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிடலாம் என்றேன். வீட்டில் ஒருவர் மட்டும் செய்தால் நிலைக்காது, மனைவியின் ஃபோனும் கூடவே போகட்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.

"காலைல மட்டும் கொஞ்சம்... டீச்சர்" என்று அவர் இழுத்தார்.

"காலைலதாங்க முக்கியம். கண்ணு முழிச்சதும் கை எதைத் தேடுதோ அதுக்குத்தான் நாம அடிமை" என்றேன். நானே யோசித்து வைத்திருந்த வசனம். சொல்லி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் தலையாட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரை டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டால், அப்புறம் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை வராது. படித்த பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான், டீச்சர் சொன்னால் சரிதான். அந்த மரியாதையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் எல்லாம் கனவு மாதிரி நடந்தது. இப்போது எத்தனை என்று கேட்டால் எட்டு என்றார். காலையில் அடுப்புப் பக்கத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடிப்பதாகவும், மகள் பள்ளிக்கூடக் கதை சொல்வதாகவும், ஓட்டிலிருந்து பனி சொட்டும் சத்தம் கேட்பதாகவும் சொன்னார். எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அம்மாவிடம் இதையெல்லாம் நான் அளந்து விட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு கால் வந்தது. திரையில் அவர் இல்லை. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண். வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் அவுக சம்சாரம் பேசுறேன் டீச்சர்" என்றார்.

அவர் சொன்னதைச் சொல்கிறேன். அந்த மலையில் காட்டு யானை தோட்டத்துக்குள் இறங்குவது சாதாரணம். வனத்துறைக்காரர்களும் விவசாயிகளும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கிறது என்று விடியும் முன்னே அதில் வந்துவிடும். அதைப் பார்க்காமல் யாரும் தோட்டத்தில் கால் வைக்க மாட்டார்கள். கை உடைந்த அன்று, அவர்கள் தோட்டத்தின் மேல் அடுக்கான மேல்தட்டில் மூன்று யானைகள் நிற்பதாகச் செய்தி வந்திருக்கிறது. பார்த்ததாக அடையாளம் விழாததால் பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு ஃபோனுக்கும் மாறி மாறிக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டும் அரிசிக்குள் அணைந்து கிடந்தன.

"ஃபோன் இல்லாத அத்தன நாளும் மேட்டுல ஏறி நின்னு காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் எறங்குவேன். அன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. பீன்ஸ் பறிக்கப் போனேன். கைய நீட்டுனா விரல் தெரியாத பனி. கொஞ்சம் வெலகுனப்ப மேல்தட்டுல ஒரு பாறை கெடந்துச்சு. நம்ம தோட்டத்துல பாறை ஏதுன்னு நெனச்சேன். அது காத ஆட்டுச்சு."

அவர் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும் என்று கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பந்தல் குச்சிகள் ஒவ்வொன்றாக ஒடியும் சத்தம், நனைந்த மண் வாடை, பெருமூச்சு. பனி நகரும்போது ஒரு கால் தெரியும், பிறகு ஒன்றும் தெரியாது. எவ்வளவு நேரம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மகளுக்கு அன்று தலை பின்னிவிடவில்லையே என்பது மட்டும்தான் மனதில் ஓடியதாம். கடைசியில் மூன்றும் ஓடைப் பக்கம் திரும்பிவிட்டன. அதன் பிறகுதான் அவர் ஓடினார், அடுத்த தட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்கத்தான் எனக்கு வாய் வந்தது. கேட்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டது. கணவர் சொல்லத்தான் வந்தார், நான் சொல்ல விடவில்லை. ஏதோ சாக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். காந்தலூரில் யானை வரும் என்று கேரளாவில் எல்லோருக்கும் தெரியும், டீச்சரும் அதை யோசித்துத்தானே சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்திருக்கிறார்.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இல்ல டீச்சர், நாந்தான் யோசிக்காம..." என்று ஆரம்பித்தார்.

மனைவி அவரை முடிக்க விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தீக. விடியக்காலை தோட்டத்துக்கு எறங்குறது நானு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அதில் கோபமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை குழுவின் மூத்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வந்தால் என்ன கேட்பாய் என்று மட்டும் கேட்டார்.

வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடம் ஆனது. காற்று ஜன்னலைத் தட்டும்போதெல்லாம் கால்தான் வந்துவிட்டது என்று திரும்பினேன். வந்தது. மரத்தடியில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

விட்டுப்போன கேள்வியை அன்று கேட்டேன், இருவரிடமும். கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. யானைச் செய்தி, மகளின் பாடம், துபாயில் இருக்கும் தம்பியின் முகம் என்று ஒவ்வொன்றாக வந்தது. திட்டத்தையும் அவர்களே போட்டார்கள். ஒரு பட்டன் ஃபோன் வாங்கி மனைவி வைத்துக்கொள்வது, யானை நின்றால் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர் அதற்குக் கூப்பிட்டுச் சொல்வது, கணவரின் பெரிய ஃபோன் மட்டும் ஒன்பது மணி வரை கண்ணில் படாமல் இருப்பது. "டிரம்முல வேணாம் டீச்சர். சோத்துல மொபைல் வாசம் அடிக்குது" என்று மனைவி சொன்னபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

அவர் ஒரே அடியாகத் திருந்திவிடவில்லை. நடுவில் நான்கு நாள் பழையபடி விழுந்தார், எழுந்தார். கடைசியாகப் பேசியபோது ஆறு என்றார். அன்று சொன்ன எட்டைவிட இந்த ஆறு எனக்குப் பிடித்திருக்கிறது. மனைவி இந்த வருடப் பொங்கலுக்கு மகளோடு உடுமலைக்குப் போய்விட்டு, கரும்போடு திரும்பி வந்துவிட்டார்.

இப்போதும் எதிரில் ஒருவர் "அதுல மட்டும் கொஞ்சம்..." என்று இழுக்கும்போது என் நாக்கு நுனிக்கு ஒரு நல்ல வசனம் வந்து நிற்கிறது. உடனே பனிக்குள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி நிற்கும் ஒரு பெண் கண்ணுக்குள் வந்துவிடுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறேன்.