ஊட்டிக் குளிரும் எங்கள் ஹேண்ட் பிரேக்கும்

பீங்கான் ஏற்றுகிற வண்டிக்காரனுக்கு ஓட்டும்போது வருகிற பயத்தைவிட நிறுத்தும்போது வருகிற பயம்தான் அதிகம்.

விருத்தாசலத்தில் பன்னிரண்டு வருடமாக சொந்த லோடு வண்டி ஓட்டுகிறேன். கோப்பை, சாஸர், பூந்தொட்டி, பொம்மை என்று வைக்கோல் சுற்றி அடுக்கிய சரக்கோடு எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். ரோட்டுப் பள்ளத்தில் உடைந்ததைவிட, நின்றுகொண்டிருந்த வண்டி அரை அடி நகர்ந்து உடைந்ததுதான் அதிகம். எனக்கென்று மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையையும் போன மார்கழியில் ஊட்டியில் தொலைத்துவிட்டு வந்தேன். வண்டி வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களும், வண்டிக்காரனை நம்பி அல்லாடுகிறவர்களும் இதைப் படியுங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

சத்தம் கேட்கணும்

எங்கள் ஊர் பீங்கான் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்து நின்றவுடன் யாரும் சரக்கைத் தொடமாட்டார்கள். டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற சத்தம் வெளியே கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் முதல் பெட்டி ஏறும். பிரேக் போட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் செல்லாது. எடுத்துவிட்டு மறுபடி இழுத்துக் காட்டச் சொல்வார்கள்.

என்னுடைய லோடுமேன் தண்டபாணி இந்த வழக்கத்துக்கே காவல்காரர். எட்டு வருடமாக என்னோடு வருகிறார், அதற்கு முன்னால் சூளையில் வேலை பார்த்தவர். வயதில் மூத்தவர் என்று நான் அவரை அண்ணே என்பேன். வண்டி என்னுடையது என்று அவர் என்னை வாங்க, போங்க என்பார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார், உயிரை மட்டும் வாங்குவார். ஒரு முறை இரண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம். சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். தண்டபாணி சன்னலில் தலையை நீட்டி அவரைக் கூப்பிட்டார்.

"டிரைவரே, பிரேக்கு இழுத்த சத்தம் எனக்கு கேக்கலியே. ஒரு தரம் ஏறி பாத்துட்டு போங்களேன்."

மூணு லோடு

ரோஸ்லின் அக்கா பேட்டையில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை நடத்துகிறார். ஒரே ஒரு சூளை. எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். மாதத்தில் இரண்டு தடவைதான் சூளை எரியும். மற்ற நாளில் அந்த எட்டுப் பேரும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அக்காவின் கோப்பையை ஏதோ ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு ஊட்டியிலிருந்து ஒரு பெரிய விடுதியின் மேனேஜர் கூப்பிட்டார். வாரம் ஒன்றாக மூணு லோடு வாங்கிப் பார்ப்பாராம். ஒவ்வொன்றும் காலை எட்டு மணிக்கு விடுதி வாசலில் நிற்க வேண்டுமாம். சரியாக வந்தால் வருடம் முழுக்க ஆர்டர், இல்லாவிட்டால் வேறு ஊரில் பார்த்துக்கொள்வாராம். வருடம் முழுக்க ஆர்டர் என்றால் வாரா வாரம் சூளை எரியும், எட்டுப் பேருக்கும் தினம் வேலை இருக்கும். என் வண்டியும் புளியமரத்தடியில் சும்மா நிற்காது. முதல் லோடு ஏற்றிய அன்று அக்கா வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கோப்பைக்கு காது உடைஞ்சாலும் இந்த எட்டு பேருக்கும் நீதான் பதில் சொல்லணும்."

குளித்துவிட்டுப் படுத்த வண்டி

வேப்பூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறிவிட்டோம். விடுதியில் காலையில்தான் சரக்கை இறக்குவார்கள் என்பதால் லாரி ஸ்டாண்டில் தங்கினோம். தண்டபாணிக்கு வண்டியின் புழுதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெரிய இடத்துக்குப் போகிற வண்டியாம். வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு சக்கரம், அடிப்பக்கம் எல்லாம் அடித்துக் கழுவினார். பிறகு சொட்டச் சொட்ட நின்ற வண்டிக்கு நான் வழக்கம்போல ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். சத்தம் கேட்டு அவரும் திருப்தியாகப் படுத்தார்.

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன், லீவரும் நல்லபிள்ளையாகக் கீழே இறங்கியது. கியர் போட்டால் என்ஜின் முனகுகிறது, பின்சக்கரம் அசையவே இல்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற லாரியின் டிரைவர் குரங்குக் குல்லாயோடு வந்து குனிந்து பார்த்தார். உள்ளே போன ஈரம் ராத்திரி ஐஸாகி, பிரேக்கைச் சக்கரத்துக்குள் இருக்கிற டிரம்மோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்.

"குளிர்காலத்துல ஈர வண்டிக்கு ஹேண்ட் பிரேக்க யாருங்க போடுவாங்க? கியர்ல வுட்டு, சக்கரத்துக்கு கட்டை வச்சுட்டு படுக்கறதுதானுங்க."

வெந்நீர்

மணி ஏழு. டீக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குண்டான் வெந்நீர் வாங்கி வந்தேன். டிரம்மில் ஊற்றினால் ஐஸ் கரையுமே என்று நினைத்தேன். தண்டபாணி சக்கரத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். குளிர்ந்த சாமானில் திடீரென்று சூடு பட்டால் விரிசல் விடும் என்பது அவருடைய சூளைப் பாடம். இது இரும்பு அண்ணே, பீங்கான் இல்லை என்றேன். எதுவாக இருந்தாலும் சாமான் சாமான்தான் என்றார். குல்லாய் டிரைவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டேன். அவரும் வேண்டாம் என்றார். ஊற்றிய தண்ணீரே திரும்ப உறைந்துகொள்ளுமாம், டிரம் வெடித்தாலும் வெடிக்குமாம். ஊர் விட்டு ஊர் வந்து இரண்டு பேரிடம் தோற்றேன். அந்த வெந்நீரில் மூணு பேரும் முகம் கழுவினோம். வெயில் வந்து சக்கரத்தில் விழுகிறவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்டபாணி மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து நிதானமாக பன் சாப்பிட்டார்.

"சூளை ஆறாம கதவ தொறக்காதவன்ங்க நானு. வெயிலு வரட்டும், தானா வுடும்."

ஒன்றும் உடையவில்லை

ஒன்பதேகாலுக்கு டொக்கென்று விட்டது. பத்து மணிக்கு விடுதியில் நின்றோம். மேனேஜர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், சிரிக்கிற வழக்கம் இல்லாதவர். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினோம். ஒரு கீறல் கிடையாது. தண்டபாணி ஒரு கோப்பையை எடுத்து விரலால் சுண்டி, டிங்கென்று கேட்கிறதா பாருங்கள் என்று பெருமையாக நீட்டினார். மேனேஜர் கோப்பையைப் பார்க்கவே இல்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எட்டு மணின்னா எட்டு மணி. இன்னும் ரெண்டு லோடு பாப்பேன்."

மெக்கானிக்

ஊருக்கு வந்ததும் ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். விருத்தாசலத்து வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் லேசாகப் பனி விழுந்தாலே மப்ளர் சுற்றிக்கொண்டுதான் கடை திறப்பார். ஐஸ் பிடித்த கதையை நான் சொல்ல, சினிமாக் கதை கேட்கிற மாதிரி கேட்டார். பின்சக்கரத்தைக் கழற்றினார், கேபிளுக்கு கிரீஸ் போட்டார். லீவரை இருபது தடவை இழுத்து இழுத்து விட்டார். இருபது தடவையும் அது ஒழுங்காக விட்டது. என்னைப் பொய்யனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இங்க நல்லா வுடுது. அங்க வுடலன்னா அது ஊரு கோளாறு, வண்டி கோளாறு இல்ல."

ஒரு பல்லு

இரண்டாவது லோடுக்கு நான் தெளிவாகப் போனேன். லாரி ஸ்டாண்டில் சமதரை பார்த்து நிறுத்தினேன். முதல் கியரில் விட்டேன், நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்தேன். பழக்க தோஷத்தில் யார் கையும் போய்விடக்கூடாது என்று ஹேண்ட் பிரேக் லீவரில் என் துண்டையும் சுற்றிக் கட்டினேன். அன்றைக்கு மலையில் தூறல் வேறு. தண்டபாணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காலையில் வண்டி நகரவில்லை. துண்டு கட்டியது கட்டியபடியே இருக்கிறது. அவிழ்த்தால் உள்ளே லீவர் பல்சக்கரத்தில் ஒரு பல் ஏறி, தூக்கிக்கொண்டு நிற்கிறது. துண்டை அவிழ்த்து, பிரேக்கை இழுத்து, மறுபடி துண்டைக் கட்டி வைத்திருக்கிறார் மனிதர். எட்டு வருடத்தில் பேசாத பேச்செல்லாம் அன்றைக்கு அவரைப் பேசிவிட்டேன். எட்டுப் பேர் சோற்றில் மண்ணைப் போட்டீர்களே என்றுகூடக் கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"கட்டைய நம்பி எப்படிங்க தூங்கறது? மனசு கேக்கல. ஒரே ஒரு பல்லுதான் இழுத்தேன்."

போனில் அக்கா

அன்றைக்கு ஒன்பதரை ஆகிவிட்டது. அடுத்த தடவை தாமதமானால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார் மேனேஜர். இதை அக்காவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியாது. போனைப் போட்டுச் சொன்னேன். பின்னால் பெண்கள் களிமண் பிசைகிற சத்தம் கேட்டது. ஒன்றும் உடையவில்லையே என்று அக்கா கேட்டார். இல்லை அக்கா, ஒன்றுகூட இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்கு தம்பி அந்த மனுசன் கோவப்படறாரு?"

எனக்கும் அதுதான் புரியவில்லை.

கடைசி லோடு

மூணாவது தடவை சீட்டில் குறுக்காக, லீவர் என் விலாவில் குத்தும்படி படுத்தேன். யார் தொட்டாலும் தெரிந்துவிடும். தண்டபாணி அந்தப் பக்கமே வரவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்போல ஒதுங்கி, பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். காலையில் கட்டையை எடுத்தோம், கியர் போட்டேன், வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விடுதியின் சமையல்கட்டு வாசலில் இருந்தோம்.

அந்த வாசல் லேசான சரிவு. வந்துசேர்ந்த சந்தோஷத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டுக் குதித்தேன். ஓடி வந்து சூடாகியிருக்கிற வண்டிக்குக் கொஞ்ச நேரம் ஹேண்ட் பிரேக் போடுவதால் ஒன்றும் உறைந்துவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் மூணு வாரமாக அந்த லீவரைத் தொடாதே, தொடாதே என்று கத்திக் கத்தி என் கையே அதை மறந்துவிட்டது. தண்டபாணியாவது கேட்டிருப்பார். நான் பேசிய பேச்சுக்கு அவர் வாயை மூடிக்கொண்டார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, சத்தம் கேட்காமலே பின்கதவைத் திறந்தார்.

முதல் பெட்டியை அவர் விளிம்புக்கு இழுக்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. அவர் ஒதுங்கிக்கொண்டார். வண்டி பின்பக்கமாக உருண்டு போய் ஒரு திண்டில் முட்டி நின்றது. பெட்டி கீழே விழுந்தது. பதினெட்டுக் கோப்பை. தப்பு முழுக்க என்னுடையது, யார் தலையிலும் கட்ட முடியாது. பட்டறையில் இருக்கிற எட்டு முகமும் வரிசையாக எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் வெளியே வந்தார். உடைசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே ஆள் கூப்பிட்டு மற்ற பெட்டிகளை எடுத்துப்போகச் சொன்னார். காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கோப்பை பற்றாமல் சமையல்கட்டில் அல்லாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்கவே விடவில்லை.

"பீங்கான்னா நாலு உடையத்தான் செய்யும். எட்டுக்குள்ள வந்துட்டீங்கல்ல, எனக்கு அதுதான் வேணும். உடைஞ்சத அடுத்த வார லோடுல சேத்து அனுப்பச் சொல்லுங்க."

அடுத்த வாரம் என்ற வார்த்தை என் மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆனது. தண்டபாணிக்கு அது எனக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பெட்டி தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்து, அன்றைக்குப் பேசியதையெல்லாம் மறந்துவிடுங்கள் அண்ணே என்றேன். முதலில் போய் பிரேக்கைப் போடச் சொன்னார். போட்டுவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். பதினெட்டு உடைந்ததையும் சொன்னேன், வருடம் முழுக்க ஆர்டர் கிடைத்ததையும் சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"பதினெட்ட ஒடைச்சாதான் ஆர்டர் குடுப்பாருன்னா, மொத லோடுலயே ஒடைச்சிருக்கலாமே தம்பி."

ஆக, வண்டியை நகராமல் நிறுத்துவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை, சொன்ன நேரத்துக்கு அதை நகர்த்துவதற்குத்தான் வாரா வாரம் ஊட்டிக்குப் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறோம்.