பெரியப்பாவின் பனிக்குச் சாட்சி

என் ஒன்பதாவது வயதில், ஒரு கிறிஸ்துமஸ் காலையில், எங்கள் சபையின் ஆர்மோனியத்தைக் குளிப்பாட்டிவிட்டேன். நாலு புத்தகம் எழுதி ஊரையெல்லாம் கேலி செய்தவள், இதை மட்டும் நெடுங்காலம் வெளியே விடவில்லை. செய்தது வெட்கக்கேடு. அதை வீரச்செயல் என்று நம்பிச் செய்தது அதைவிட வெட்கக்கேடு.

குலசேகரம் பக்கத்து எங்கள் சபைக்கும் குளச்சல் பக்கத்துச் சபை ஒன்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனை முடிந்ததும், ஒரு வருஷம் அவர்களுடைய பாட்டுக்காரர்கள் வாத்தியங்களோடு பஸ் ஏறி எங்களிடம் வருவார்கள்; மறு வருஷம் நாங்கள் போவோம். கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல இரண்டு நிமிஷம். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு, பத்து நிமிஷம். நடுவே ஒரு மணி நேரம் அச்சப்பமும் காப்பியும் குளிரும். குளிர் என்றால் குளிரைப் பற்றிய பேச்சு. மேல்துண்டால் விசிறிக்கொண்டேதான் பேசுவார்கள்.

எங்கள் மிருதங்கக்காரர், ஒரு மார்கழியில் தோல் ஈரத்தில் தொய்ந்துபோய், தேங்காய்மட்டைத் தீயில் காட்டிக் காட்டி வாசித்ததைச் சொல்வார். அவர்களில் ஒருவர், கடற்காற்றில் பல் அடித்து அல்லேலூயாவுக்குள் இரண்டு எழுத்து கூடிப்போனதைச் சொல்வார். எல்லாரும் சொல்லித் தீர்ந்தபிறகு ஆர்மோனியக்காரர் தொண்டையைச் செருமுவார். அவர் என் பெரியப்பா. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். இத்தாலியில் முழங்கால் அளவு பனியில் நின்று வாசித்த கிறிஸ்துமஸில், மீசை உறைந்து, சிரித்தபோது ஒரு துண்டு ஒடிந்து விழுந்ததாம். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்?

முந்தின வருஷம் நாங்கள் அங்கே போயிருந்தபோது அவர்களுடைய தபேலாக்காரர் கேட்டுவிட்டார்.

"பனியெல்லாம் சரி வே. சாட்சி உண்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் திரும்பி வந்த பஸ்ஸில் எங்களோடு பாடாமல் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கீச்சுக்குரலைப் பாட்டு என்று ஒப்புக்கொண்டு முதல் வரிசையில் நிறுத்தியவர் அவர். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் சாட்சி கொண்டுவருவது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன்.

சாட்சி, சந்தைப் பக்கத்துச் சர்பத் கடையில் இருந்தது. பண்டிகைக் கூட்டத்துக்காக நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்த ஐஸ் பாளம், சாக்குக்குள் உமியில் புதைந்து கிடந்தது. கடைக்காரருக்குப் பெரியம்மா செய்யும் முந்திரிக்கொத்து என்றால் உயிர். பத்து முந்திரிக்கொத்துக்குச் செங்கல் அளவு ஐஸ் உடைத்துத் தந்தார். புதுப் பாவாடையில் உமியோடு அள்ளிக்கொண்டு எங்கள் சபைக் கோவிலுக்கு ஓடினேன். உமியைத் தட்டிவிட்டு, கால்மிதி ஆர்மோனியத்தின்மேல் போட்டிருந்த துணிக்கு அடியில் வைத்தேன். பெரியப்பா பனிக்கதையை முடிப்பார். நான் எழுந்துபோய்த் துணியை உருவுவேன். குளச்சல்காரர்கள் வாயடைத்து நிற்பார்கள். என் நெஞ்சு மிருதங்கத்துக்கு முன்னாலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

பஸ் அரைமணி நேரம் தாமதம். வந்தவர்களும் சுருக்கமாகப் பேசுகிறவர்கள் இல்லை. பெரியப்பாவோ, போன வருஷத்துக் கேள்விக்குப் பதிலாக, இந்தத் தடவை மீசையின் இரண்டு பக்கத்தையும் ஒடித்தார். அவர் முடித்ததும் நான் எழுந்தேன். அதற்குள் போதகர் நேரமாகிவிட்டது, பாட்டு ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா போய் உட்கார்ந்து துணியை இழுத்தார். மிச்சமிருந்த ஐஸ் வழுக்கி வந்து அவர் கையில் விழுந்தது. என்ன ஏதென்று அறியாமல் இறுக்கிப் பிடித்துவிட்டார்.

"ஐயோ, சுடுதே" என்று அலறி உதறினார். மிதித்த மிதியில் ஆர்மோனியம் கன்றுக்குட்டி மாதிரி ஒரே ஒரு தடவை கத்தி அடங்கியது. ஐஸ் தபேலாக்காரரின் காலடியில் போய் விழுந்தது. அவர் நிதானமாகக் குனிந்து எடுத்துப் பார்த்தார்.

"ஐஸுல்லா இது? இத்தாலியில நிண்ணவருக்கு இது சுடுதா வே?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கொண்டுவந்த சாட்சி பிறழ்சாட்சியாகிவிட்டது.

அப்போது வந்தவர்களின் பின்வரிசையிலிருந்து பிடில்காரர் பேசினார். வருஷா வருஷம் பார்க்கிற முகம். வாழ்த்துச் சொல்வதைத் தவிர அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"சுடத்தான் செய்யும். நானும் அங்கதான் கிடந்தேன், இத்தாலியில. பனியை மொதல்ல தொட்டப்போ எனக்கும் சுட்டுது. குளிரு பெறவுதான் தெரியும்."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பிடிலுக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். தபேலாக்காரர் ஐஸை ஜன்னல் வழியே எறிந்துவிட்டுத் தபேலாவின் முன் உட்கார்ந்தார். உருகிய தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டதால், ஆர்மோனியம் இல்லாமலே பாட்டு நடந்தது. நான் கூரை ஓடு பறக்கிற மாதிரி பாடினேன். பின்னே? பெரியப்பா ஜெயித்துவிட்டார். நேரில் கண்ட சாட்சியே கிடைத்துவிட்டது. ஐஸை வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றுதான் புரியவில்லை. ஜெயித்த மனுஷர், பஸ் வந்து நின்றபிறகும் அந்தப் பிடில்காரரின் கையை விடாமல் ஏன் பிடித்துக்கொண்டிருந்தார்? அடுத்த வருஷத்திலிருந்து குளிர்ப் பேச்சு வந்தால், "நீரு சொல்லும்" என்று ஏன் அவரிடமே விட்டுவிட்டார்?

பெரியப்பா காலமாகிப் பல வருஷம் கழித்துப் பெரியம்மாவிடம் இதைக் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இத்தாலியா? அஞ்சு வருஷமும் ஜபல்பூர்ல கூடாரம் தச்சாரு. அவரு கண்ட குளிரு மலேரியாக் குளிரு. சபைக்கே தெரியும் மக்கா."

சபைக்குத் தெரியாத ரகசியம் ஒன்றாவது என்னிடம் இருக்கிறதே என்று, ஐஸை வைத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, அதுவும் தெரியும். மொத வரிசையில நிண்ணு தொண்டை கிழியப் பாடுனியே, பாவாடை பூரா உமில்லா ஒட்டியிருந்துது."