ஆளுக்கொரு நகல்

எங்கள் ஊர் மீனவர் சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய் உண்டு. கீழ் அறையில் ஒரு பழைய கணினி. அன்றைய காற்று, அலை பற்றிய ஒலிப்பதிவு காலையில் அதில் வந்து இறங்கும். உடனே குழாயில் ஒலிக்கும். ஆரம்பத்தில் தினமும் ஒலித்தது. "அலை அரை மீட்டர்னு தெனம் இன்னாத்துக்கு கத்துது?" என்று ஊர்க்கூட்டத்தில் சலித்துக்கொண்டார்கள். ஆபத்து என்றால் மட்டும் பேசட்டும், பேசாவிட்டால் கடல் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் என முடிவாயிற்று. கணினியிலும் அப்படியே மாற்றி அமைத்தார்கள்.

எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. ஒரு இயந்திரம் பேசாமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கும் என்றேன். பொன்னேரியில் கணினி படித்த பெண் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்தக் கார்த்திகைக் காலையில் நான் அறையைத் திறந்தபோது படகுகள் போய்விட்டிருந்தன. பழவேற்காடு ஏரியில் வலை போட அன்று எங்கள் முறை இல்லை. அதனால் எங்கள் நைனாவும் மற்றவர்களும் ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கே போயிருந்தார்கள். குழாய் சத்தமே போடவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது: கணினியின் வன்வட்டில் இடமில்லை. அன்றைய ஒலிப்பதிவு வந்திருக்கிறது, இறங்க இடமில்லாமல் திரும்பியிருக்கிறது. அதில் இருந்தது எச்சரிக்கையா, வழக்கமான அரை மீட்டரா என்று தெரியவில்லை.

கைபேசியில் பார்க்கலாம் என்றால் இரவிலிருந்து மின்சாரம் போய் செல்போன் கோபுரமும் செத்துக் கிடந்தது. சங்கத்தில் மட்டும் இன்வெர்ட்டரும், அந்த ஒலிப்பதிவை வாங்க மட்டுமே உதவும் டிஷ் ஒன்று கூரைமேலும் இருந்தன. df -h என்று அடித்தேன். நூறு சதவீதம் நிறைந்துவிட்டதாகக் காட்டியது. எது தின்கிறது என்று பார்க்க du -sh * | sort -h என்று அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அது ஒவ்வொரு அடைவாக, அதாவது ஃபோல்டராக, உள்ளே புகுந்து கூட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. சாதாரணக் காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நம்பவில்லை.

வரிசையாக எண்கள் விழுந்தன. எல்லாம் ஒரே எண். குடும்பத்துக்கு ஒன்றாக அடைவுகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு ஜி.பி. உள்ளே போய்ப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பாடு வீடியோ. ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பதைப் பாடு என்போம். வருஷா வருஷம் சண்டை வருகிறது என்று இந்த முறை அதை முழுதாகப் படம்பிடித்திருந்தார்கள். ஒரு நகல் போதாதா? போதாது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் வராது. ஆளுக்கொன்று வேண்டும் என்று கேட்க, சங்கச் செயலாளரும் வீட்டுக்கு வீடு ஒரு அடைவு திறந்து, ஒவ்வொன்றிலும் அதே படத்தை முழுசாகப் போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே கணினிக்குள், ஒரே வட்டில்! இறாலைப் பங்கு பிரிக்கிற மாதிரி வட்டையும் பிரித்துவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அதற்குள் செயலாளரே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருதையும் தொடாதம்மா. கூட்டம் போட்டு கேட்டுத்தான் அழிக்கணும். இல்லன்னா ஊரு ரெண்டாப் பூடும்."

"கூட்டத்துக்கு வர வேண்டியவங்க எல்லாம் கடல்ல இருக்காங்கண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"எங்க நைனாவோடத எடுத்துர்றேன். அதுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்றேன். rm என்று அடித்து அவர் அடைவை அழித்தேன். மறுபடி df பார்த்தேன். இடம் வந்திருந்தது. பதிவை மீண்டும் வரவழைத்தேன். இறங்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது முடியவே முடியாது போல இருந்தது.

குழாய் பேசியது. வடகிழக்கிலிருந்து பலத்த காற்று, அலை உயரும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம். கேட்பதற்கு ஊரில் பெண்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். செயலாளர் பழவேற்காட்டுக் கடலோரக் காவலுக்குச் சொல்ல வண்டியை எடுத்தார். நான் முகத்துவாரத்துக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் குழாய் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் படகுகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. எங்கள் படகு கடைசியாக வந்தது. வலையை அறுத்து விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நைனா இறங்கியதும் பயமெல்லாம் கோபமாகப் புரண்டது. "வானத்தப் பாத்தா தெரியாதா நைனா? இத்தினி வருசமா இன்னா கடல் பாத்த?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"தெரிஞ்சுது" என்றார். "காத்து செரியில்லன்னு அவனுங்க எல்லாம் கெளம்பவே யோசிச்சானுங்க. நான்தான், கொழா சும்மா கீது, உள்ள என் பொண்ணு பாத்துனு கீதுன்னு சொல்லிக் கூட்டினு போனேன்."