ஈயம் வைத்து இறுக்கிய கண்ணாடி

சின்னக்கானல் தேயிலை பாக்டரியில் இயந்திரங்களைப் பூட்டிப் பழுது பார்க்கும் பிட்டர் என்றால் சுவக்கீன் மாமாதான். என் அம்மாவின் அண்ணன். கொழுந்துக் கூடை சுமந்த குடும்பத்தில் முதலில் ஸ்பானர் பிடித்தவர். பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடுகிற நான் அவருக்கு அப்புறம்தான்.

1922-இல் சூரிய கிரகணம் வந்தது. தோட்டத் துரைக்குத் தன் தொலைநோக்கியின் பின்முனையில் காமிராவைப் பூட்டிப் படமெடுக்க ஆசை. வெயிலைத் தணிக்க, இரண்டுக்கும் நடுவில் கறுப்புக் கண்ணாடி பொருத்தும் வேலை மாமாவுக்கு வந்தது. ரூபாய் அகல வட்டக் கண்ணாடி. துரையிடம் இருந்ததே இரண்டு.

மாமா அறிந்தது இலை உலர்த்தும் இயந்திரத்தை. அனல் துளியும் கசியாமல் இறுக்கிப் பழகிய கை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை மடித்துச் சுற்றி, பித்தளை வளையத்துக்குள் கண்ணாடி அசையாதபடி இறுக்கிவிட்டார். கிரகணத்துக்கு முந்தின நாள் காலை துரை ஒத்திகை பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

துரை கத்தவில்லை. மற்றதும் உடைந்தால் நாளை முதல் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டப் போகலாம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினார்.

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை இன்பமேரிக்கு நிறைமாதம். கிரகணம் தொட்டபின் புருஷனும் இரும்பெடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று தொழிலாளர் லயத்துப் பெண்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஏங்க, பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருங்க. நாளைக்கு உளியத் தொடப்பிடாது."

"முடிக்கலாம். எங்கன மாட்டறதுன்னுதான் தெரியல."

உடைந்த கண்ணாடியைக் கழற்றும்போது வளையம் அவர் விரலைச் சுட்டது நினைவுக்கு வந்தது. குழாயின் முன்முனை குளிர்ந்துதான் இருந்தது. வெயில் பின்னால் போய்க் குவிகிறது. கண்ணாடியை முன்னால் கொண்டுபோக வேண்டும். ஆனால் முன்வாய் உள்ளங்கை அகலம். பெட்டிப் பலகையில் மூடி செதுக்கி, நடுவில் சிறு ஓட்டை போட்டு, அதன்மேல் கண்ணாடியைக் கம்பளித் துணி சுற்றித் தளர்வாக வைத்தார். விரல் வைத்தால் ஆடியது. இறுக்கிப் பழகிய கைக்கு அது உறுத்தினாலும், சூட்டில் கண்ணாடி விரிய இடம் வேண்டுமென்று அப்படியே விட்டார்.

காலையில் துரையும் தொட்டுப் பார்த்தார். "ஆடுதே?"

"இறுக்கினா சூட்டுல விரிசல் விட்டுரும் தொரை."

மாமா மூடியைக் குழாயின் முன்வாயில் மாட்டினார்.

பனிமூட்டம் விலகி வெயில் வந்தது. ஊரே சாணித் தண்ணீரில் கிரகணம் பார்க்க, மாமா குழாயின் முனையில் கைவைத்தபடி நின்றார். துரை காமிராவில் படம் பதியும் பிளேட்டை மாற்றும்போதெல்லாம் விரிசல் சத்தம் கேட்டதாக நினைத்துத் திடுக்கிட்டார். ஆறு பிளேட் முடிந்தது. துரை மூடியைக் கழற்றிக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தார். கீறல் இல்லை.

"பாக்டரி ரோலர் சத்தம் போடுது. நாளைக்குப் பாரு" என்று சொல்லிவிட்டு பிளேட்டுகளோடு உள்ளே போனார்.

மாமா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.